மியூசியத்துக்கு ஒர்க்‌ஷீட் எதுக்குங்க? தமிழ்ப்பள்ளி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நம்ம தமிழ்ப்பள்ளி கமிட்டிக்கும், டீச்சர்களுக்கும், ட்ரிப்புக்கு வாலண்டியரா வர்றேன்னு பேர் குடுத்திருக்குற அப்பா அம்மாக்களுக்கும்,

வணக்கம். பாஸ்டன் சில்ட்ரன்ஸ் மியூசியம் ட்ரிப்புக்கு நீங்க போட்ட ப்ளான் வந்துச்சு, படிச்சேன். மூணு மாடி, ஒவ்வொரு எக்ஸிபிட்டுக்கும் 15 நிமிஷம், விசில் அடிச்சா அடுத்த இடம், கையில ரெண்டு பக்க ஒர்க்‌ஷீட், எல்லாம் தமிழ்ல, முதல்ல முடிக்கிற டீமுக்கு பரிசு, 12:30க்கு புளியோதரை. இதுல புளியோதரைய தவிர எதுலயும் எனக்கு உடன்பாடு இல்லங்க. க்ரூப்ல சொன்னா நாலு பேர் கட்டைவிரல் போட்டுட்டு மறந்துடுவீங்க, அதான் உக்காந்து நீளமாவே எழுதிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு. ப்ளான் போட்டவங்க ராத்திரி கண்ணு முழிச்சு உழைச்சிருக்காங்கன்னு தெரியுது, அத குறை சொல்லல. "அது வெறும் விளையாடுற இடம்தானே, ஒர்க்‌ஷீட் இல்லாட்டி படிப்புன்னு எப்படி கணக்குல சேக்கறது"ன்னு ஒருத்தர் கேட்டாரே, அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்துச்சு. ஏன்னா அந்த மியூசியத்த ஆரம்பிச்சதே வாத்தியாருங்க. பொழுதுபோக்கு கம்பெனி எதுவும் இல்ல. 1909ல பாஸ்டன் பக்கம் சயின்ஸ் சொல்லிக்குடுக்குற டீச்சர்கள் ஒண்ணா சேந்து ஒரு அமைப்பு வெச்சிருந்தாங்க, பாடம் நடத்த உதவுற பொருளையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கறதுக்கு. அவங்கதான் 1913 ஆகஸ்ட் 1ஆம் தேதி பாஸ்டன்லயே இருக்குற ஜமைக்கா பாண்ட்ங்கற ஏரி ஓரத்துல பைன்பேங்க்னு ஒரு பழைய மாளிகையில மியூசியத்த திறந்தாங்க. திறந்தப்போ உள்ள இருந்தது ரெண்டே ரெண்டு பெரிய அலமாரி. ஒண்ணுல பறவைங்க, இன்னொண்ணுல கல்லும் கிளிஞ்சலும். அவ்ளோதான்! ஆனா அத வெச்ச விதம்தான் விசேஷம், பசங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல வெச்சாங்க, எழுதி ஒட்டுனதையும் பசங்களுக்குப் புரியற மாதிரி எளிமையா எழுதுனாங்க. இப்ப இது பெருசா தெரியாது. அந்தக் காலத்துல மியூசியம்னா பெரியவங்க கைய பின்னாடி கட்டிக்கிட்டு நடக்குற இடம். நியூயார்க்ல ப்ரூக்ளின்ல 1899ல பசங்களுக்குன்னே ஒண்ணு திறந்திருந்தாங்க, உலகத்துலயே அதுதான் முதல்னு சொல்றாங்க, அதுக்கு அடுத்தது அமெரிக்காவுல நம்ம பாஸ்டன்தான்.

அந்த பைன்பேங்க் வீடு இப்ப இல்ல. மியூசியம் 1936ல கொஞ்ச தூரம் தள்ளி பர்ரோஸ் ஸ்ட்ரீட் வீட்டுக்கு மாறிடுச்சு, பழைய மாளிகை ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கிடந்து 2007ல இடிச்சுட்டாங்க. ஜமைக்கா பாண்ட்ட சுத்தி வாக்கிங் போறவங்க அந்த மேட்ட கவனிச்சிருப்பீங்க.

நான் சொல்ல வந்த ஆளு இதுக்கப்புறம்தான் வர்றாரு. 1962ல மைக்கேல் ஸ்பாக்னு ஒருத்தர் டைரக்டரா வந்தாரு, அப்ப அவருக்கு முப்பது வயசு கூட ஆகல. அப்பா யாருன்னா டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக், குழந்தை வளர்ப்பு பத்தி புத்தகம் எழுதி அமெரிக்கா முழுக்க அம்மாமாருக்கெல்லாம் தைரியம் குடுத்த அதே டாக்டர்தான். அவ்ளோ பெரிய எழுத்தாளரோட பையனுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுன்னாலே சின்ன வயசுலேர்ந்து போராட்டம், காலேஜ் முடிக்கவே வருஷக்கணக்கா இழுத்துச்சு. அப்படிப்பட்ட ஆள் ஒரு மியூசியத்துக்கு டைரக்டரா வந்தா, கண்ணாடிப் பெட்டியும் அதுக்குக் கீழ ஒட்டுன பொடி எழுத்தும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் 1964 வாக்குல ஒரு கண்காட்சி வெச்சாரு, உள்ள என்ன இருக்குங்கறதுதான் மொத்த விஷயமும். தினம் பாக்கற சாமான எடுத்து பாதியா அறுத்து வெச்சுட்டாங்க. பேஸ்பால அறுத்தா உள்ள சுத்திச் சுத்தி நூலு. டோஸ்டர் உள்ள என்ன இருக்கு. தெருவுக்கு அடியில சாக்கடை எப்படி ஓடுது. நம்ம வீட்டுப் பசங்க ரிமோட்ட கழட்டுனா கத்துவோமே, அத மியூசியமே காசு செலவு பண்ணி கழட்டி வெச்சுது. தொடலாம், எட்டிப் பாக்கலாம், நோண்டலாம். இப்ப உலகத்துல எந்த ஊர் குழந்தைகள் மியூசியத்துக்குப் போனாலும் தொட்டுப் பாக்குற இந்த வழி இருக்குன்னா, அதுக்கு பாஸ்டன்ல இந்தக் கும்பல் பண்ண வேலைக்கு பெரிய பங்கு இருக்கு. அப்புறம் அறுபதுகளோட கடைசியில, லெக்சர் நடத்துற ஹாலையே காலி பண்ணி, பசங்க இஷ்டத்துக்கு எதையும் எடுத்துப் பாக்குற இடமா மாத்திட்டாரு. அவர் திருப்பித் திருப்பி சொன்னது ரொம்ப சிம்பிள்: மியூசியம் எதைப் பத்தினதுங்கறத விட, யாருக்காகங்கறதுதான் முக்கியம்.

இப்ப நம்ம ஒர்க்‌ஷீட்டுக்கு வர்றேன். நம்ம பசங்க தமிழ் எப்படிப் படிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். பேசுறது சரளமா பேசும், பாட்டிகிட்ட ஃபோன்ல வாய் ஓயாது, ஆனா எழுத்தப் பாத்தா "மி... மின்... மின்சா..."ன்னு நின்னுடும். இத குறையா சொல்லல, வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேர க்ளாஸ்ல இதுக்கு மேல எதிர்பாக்க முடியாது. அந்தப் புள்ளைங்க கையில "கீழ்க்கண்டவற்றை உற்றுநோக்கி விடையளி"ன்னு ஒரு பேப்பர குடுத்து, படிக்கக் கஷ்டப்பட்ட ஒரு மனுஷன் படிக்காமலே கத்துக்கட்டும்னு பாத்துப் பாத்து கட்டுன இடத்துக்குள்ள அனுப்புனா என்ன ஆகும்? நல்லா படிக்கிற ரெண்டு புள்ள எழுதும், மத்த எட்டு அதப் பாத்து காப்பி அடிக்கும், யாரும் எதையும் தொட மாட்டாங்க. பரிசும் வழக்கம் போல அதே ரெண்டு பேருக்குத்தான். க்ளாஸ்ல வாயே திறக்காத பசங்க கெத்தா நிக்கறதுக்கு வருஷத்துல வர்ற ஒரே நாளு இது, அதையும் ஏன் பரீட்சையாக்கணும்.

"அப்ப தமிழ் எங்க வரும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வாயில வரட்டும்ங்க. அங்க சோப்புத் தண்ணியில பெரிய பெரிய குமிழி விடுற இடம் இருக்கு, கோல்ஃப் பால வளைஞ்ச பாதையில உருட்டி விடுற இடம் இருக்கு. இதையெல்லாம் உருவாக்குனவர் பெர்னி சுப்ரோவ்ஸ்கின்னு அங்கயே ரொம்ப வருஷம் வேல செஞ்ச சயின்ஸ் டீச்சர். அந்தப் பந்து வளைவுல ஏறுமா கவுந்துடுமான்னு பாக்குறப்போ எந்தக் குழந்தையும் சும்மா இருக்காது, "ஐயோ போச்சு", "இன்னும் மேலேர்ந்து விடு", "வேகம் பத்தல"ன்னு தானா வரும். பக்கத்துல நிக்கற பெரியவங்க தமிழ்ல பேசுனா அதுவும் தமிழ்ல வரும், நாம இங்கிலீஷ்ல பேசிட்டு அவங்க மட்டும் தமிழ்ல எழுதணும்னா எப்படி? (இது எனக்கும் சேத்துத்தான்.)

15 நிமிஷ விசில் விஷயமும் இதேதான். பந்து உருட்டற இடத்துல ஒரு குழந்தை மொத பத்து நிமிஷம் சும்மா உருட்டும். அதுக்கப்புறம்தான் எவ்ளோ உயரத்துலேர்ந்து விட்டா அந்த லூப்ப தாண்டும்னு மண்டைக்குள்ள ஏறும், பாதைய மாத்தும், மறுபடி தோக்கும். சரியா அந்த நேரம் பாத்து நாம விசில் அடிப்போம்! மூணு மாடியும் காட்டியே ஆகணும்ங்கறது, காசு குடுத்தாச்சே, எல்லாத்தையும் பாத்துடணும்ங்கற நம்ம கல்யாண பஃபே புத்தி. ஒரே இடத்துல ஒரு மணி நேரம் நின்னுச்சுன்னா நிக்கட்டுமே.

இன்னொண்ணும் சொல்லணும், இத டீச்சர்கள் கவனிச்சா நல்லாருக்கும். அறுபதுகள்ல அந்த மியூசியம் அரசாங்க நிதி வாங்கி பள்ளிக்கூடங்களுக்குன்னு பெட்டி தயார் பண்ணுச்சு, மேட்ச் கிட்னு பேரு. பண்டைய கிரேக்க வீடு பத்தி ஒரு பெட்டி, ஜப்பான் குடும்பம் பத்தி ஒரு பெட்டி, இப்படி. கிரேக்கப் பெட்டியில பாடப்புத்தக விளக்கம் கிடையாது, தோண்டி எடுத்த மாதிரி சாமான் இருக்கும், எது எந்த அறையில கிடந்துச்சுன்னு வெச்சு, அந்த வீட்டுல யார் எப்படி வாழ்ந்திருப்பாங்கன்னு பசங்களே பேசிப் பேசி கண்டுபுடிக்கணும். இத நம்ம பள்ளியில பண்ணலாம். அரிவாமனை, படி, பல்லாங்குழி, கோலம் போடுற உருளை, இதெல்லாம் இங்க இருக்குற நாலு வீட்டுலயே கிடைக்கும். கீழடி பாடம் எடுக்கறப்போ ஒரு பெட்டி போட்டுக் குடுத்தா நான் சாமான் சேக்கற வேலைய எடுத்துக்கறேன். ட்ரிப்ல உக்காந்து ஒர்க்‌ஷீட் எழுதறத விட இது எவ்வளவோ மேல்.

இப்ப இருக்குற கட்டடம் பத்தி. ஃபோர்ட் பாயின்ட் சேனல்ங்கற கால்வாய் ஓரத்துல, சவுத் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா வர்ற தூரத்துல நிக்குதே அந்த செங்கல் கட்டடம், அது பழைய கம்பளிக் கிடங்கு. அங்க அப்ப ஆள் நடமாட்டமே கம்மி. எழுபதுகள்ல அத வாங்கி, பக்கத்துல போக்குவரத்து மியூசியத்தையும் கூட்டு சேத்துக்கிட்டு, 1979ல இடம் மாறுனாங்க. கூட்டு ரொம்ப நாள் நிக்கல. போக்குவரத்துக்காரங்க போன இடத்துக்கு 1984ல கம்ப்யூட்டர் மியூசியம் வந்துச்சு, 1999 வரைக்கும் இருந்துச்சு, உள்ள நடந்து போற சைஸ்ல ஒரு ராட்சச கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சிருந்தாங்க. நம்ம க்ரூப்ல பாதி பேர் ஐடி, அப்ப பாத்தவங்க யாராச்சும் இருந்தா பஸ்ல பசங்களுக்குக் கதை சொல்லுங்க.

வாசல்ல நிக்குற அந்த 40 அடி பால் பாட்டில் கதையும் பஸ்ல சொல்லலாம். அது 1930கள்ல இதே மாசசூசெட்ஸ்ல டாண்டன்ங்கற ஊர்ல ஒருத்தர் ஐஸ்கிரீம் விக்கறதுக்காக கட்டுன கடை. அப்புறம் கேட்பாரில்லாம கிடந்தத ஹூட் பால் கம்பெனி வாங்கி மியூசியத்துக்குக் குடுத்துச்சு, 1977ல படகுல ஏத்தி கடல் வழியா கொண்டாந்து நிறுத்துனாங்க. அதாவது மியூசியம் வர்றதுக்கு முன்னாடியே பாட்டில் வந்துடுச்சு. பசங்களுக்கு இந்த வரிசை ரொம்பப் புடிக்கும்.

உள்ள போனா நான் எல்லாரையும் கூட்டிட்டுப் போக ஆசைப்படற எடம் ஜப்பான் வீடு. பாஸ்டனுக்கும் கியோட்டோவுக்கும் 1959லேர்ந்து சகோதர நகர உறவு. அந்த உறவுக்காக கியோட்டோ ஒரு நிஜமான ரெண்டு மாடி வீட்டையே பரிசா குடுத்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல பழசு, அங்க பிரிச்சு, கப்பல்ல ஏத்தி, ஜப்பான்லேர்ந்து தச்சர்களே வந்து இங்க மறுபடி சேத்துக் கட்டுனாங்க. பொம்மை வீடும் இல்ல, செட்டும் இல்ல. வாசல்ல செருப்ப கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். மத்த பள்ளிக்கூடக் கும்பலுக்கெல்லாம் அங்க நின்னு விளக்கம் சொல்லணும், நம்ம பசங்களுக்கு சொல்லவே வேணாம், வாசப்படியப் பாத்ததும் கால் தானா உதறும். அதப் பாத்து "ஏன், நம்ம வீட்டுலயும் இப்படித்தானே"ன்னு ஒரு குழந்தை கேட்டுச்சுன்னா அன்னிக்கு ட்ரிப்புக்கு அதுவே போதும். ஆனா நம்ம ப்ளான்ல இந்த வீட்டுக்கு ஒதுக்குனது ஷூ லேஸ் அவுத்து மாட்டுற நேரத்தோட சேத்து 15 நிமிஷம்! "செட்டிநாட்டு வீடு ஒண்ணு இங்க வைக்கச் சொல்லி கேக்கலாமே"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், ஆசை நல்ல ஆசைதான், ஆனா அதுக்குப் பின்னாடி ரெண்டு நகரம் வருஷக்கணக்கா காட்டுன பொறுமை இருக்கு. வீடு வந்ததுக்கு அப்புறமும் அதப் பாத்துக்க, சொல்லிக்குடுக்க ஆளு வேணும். பொங்கல் ஸ்டால் போடுற மாதிரி ஒரு வார வேலை இல்ல.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. எழுபதுகளோட கடைசியில ஜெரி ராபின்சன்ங்கறவங்க அங்க ப்ளேஸ்பேஸ்னு ஒரு இடம் ஆரம்பிச்சாங்க, தவழுற குழந்தையிலேர்ந்து மூணு வயசு வரைக்கும். பின்னால பாஸ்டன் அரசுப் பள்ளிகளை நிர்வாகம் பண்ற பள்ளிக் கமிட்டிக்கே தலைவரானாங்க. அந்த இடம் குழந்தைக்கு எவ்வளவோ அவ்வளவு அப்பா அம்மாவுக்கும்தான், அவங்க உக்காந்து, புள்ள என்ன பண்ணுதுன்னு நிதானமா பாக்கட்டும்ங்கறது அதுல ஒரு நோக்கம். தம்பி தங்கச்சிங்கள தூக்கிட்டு வர்றவங்க அங்க போங்க, ஃபோன பைக்குள்ள போடுங்க. இந்த மியூசியம் பெரியவங்க கூச்சப்படுற விஷயத்தையும் தொட்டிருக்கு, 1984ல சாவு பத்தியே ஒரு கண்காட்சி வெச்சாங்க, பசங்க மியூசியத்துல சாவான்னு அப்ப நிறைய பேச்சு. எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. தாத்தா ஊர்ல தவறுனா வீடியோ கால்ல மட்டும் பாக்குற நம்ம பசங்களுக்கு இப்ப அப்படி ஒண்ணு இருந்தா பிரயோஜனமா இருக்கும்.

அப்புறம் அந்த மூணு மாடி உயர ஏறுற கூண்டு. 2007ல கட்டடத்த பெருசாக்குனப்போ வந்துச்சு. அத வடிவமைச்சவர் டாம் லக்கி, இந்த மாதிரி ஏறி விளையாடுற சிற்பம் செய்யறதுதான் அவர் தொழிலே. 2005ல ஒரு ஜன்னல்லேர்ந்து விழுந்து கழுத்துக்குக் கீழ அசைவு போயிடுச்சு. அதுக்கப்புறம் வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே, மகன் ஸ்பென்சரோட சேந்து, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல ஆயிரம் சண்டையோட, இத முடிச்சுக் குடுத்தாரு. அலை மாதிரி வளைஞ்ச பலகைங்க, சுத்தியும் கம்பி வலை, விழவே முடியாத மாதிரி கட்டியிருக்கு. ஆனா கீழேர்ந்து பாக்கறப்போ நமக்கு வயித்தக் கலக்கும். தயவு செஞ்சு கீழ நின்னு "இறங்குடா, போதும்டா"ன்னு கத்தாதீங்க, உள்ள இருக்கறதுக்கு பயமே நம்ம சத்தத்துலதான் வரும்.

மியூசியம் அப்படியே சொர்க்கம்னு சொல்ல வரல. சனி ஞாயிறுல கூட்டம் தாங்காது, சத்தத்துல தலைவலி வரும், டிக்கெட் விலையும் கம்மி இல்ல. எங்க பாத்தாலும் ஸ்பான்ஸர் கம்பெனி பேரு, ஏறுற கூண்டுக்கே ஷூ கம்பெனி பேருதான், அது எனக்கு எரிச்சல். முக்கியமா, பெரிய நிலை பசங்களுக்கு, அதான் பன்னெண்டு பதிமூணு வயசுங்களுக்கு, அங்க போர் அடிக்கும், இத ஒத்துக்கணும். அவங்கள இழுத்துட்டு வந்து ஒர்க்‌ஷீட்ட வெச்சு சமாளிக்கலாம்னு பாக்கறத விட, பக்கத்துப் பாலத்துல நிக்குற, தேயிலைய கடல்ல கொட்டுன பழைய போராட்டத்த காட்டுற டீ பார்ட்டி கப்பலுக்கு தனியா ஒரு குழுவா அனுப்பலாம், இல்லாட்டி ஆளுக்கு ரெண்டு சின்னப் பசங்கள ஒப்படைச்சு, தமிழ்லயே பேசிக் கூட்டிட்டுப் போங்கன்னு பொறுப்பு குடுக்கலாம். ரெண்டாவதுதான் எனக்குப் புடிச்சிருக்கு.

பசங்க தொலைஞ்சுடுவாங்கங்கற கவலை நியாயம்தான். அதுக்கு விசில் வேணாம், நாம நகராம நின்னா போதும். ஒவ்வொரு மாடியிலயும் படிக்கட்டுப் பக்கம் ரெண்டு பேர், ஜப்பான் வீட்டு வாசல்ல ஒருத்தர், கூண்டுக்கு அடியில ரெண்டு பேர், அந்த மஞ்சள் டீ ஷர்ட் போட்டுக்கிட்டு நிப்போம். பசங்க சுத்தட்டும். 12:30க்கு பால் பாட்டில் கீழ எல்லாரும் கூடிடணும், இது ஒண்ணுதான் ரூல். நான் கூண்டுக்கு அடியில நிக்கறேன், கத்த மாட்டேன்னு உறுதி தர்றேன்.

சனிக்கிழமை கமிட்டி கால்ல இத ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. விசிலையும் பரிசையும் எடுத்துட்டு, மூணு மாடியும் பாத்தே ஆகணும்ங்கறதையும் விட்டுடுங்க. மாத்து சாக்ஸ் ஒண்ணு பையில போட்டு அனுப்பச் சொல்லி மட்டும் எல்லாருக்கும் மெசேஜ் போடுங்க, சோப்புத் தண்ணியில நனையும், ஈர சாக்ஸோட ஜப்பான் வீட்டு பாய மிதிக்கறது சரியில்ல. ஒர்க்‌ஷீட் ஏற்கனவே ப்ரிண்ட் எடுத்தாச்சுன்னா கவலையே படாதீங்க, ஒரு பக்க ப்ரிண்ட்டா இருந்தா பின்னாடி வெறுமையாத்தான் இருக்கும், திரும்பி வர்றப்போ பஸ்ல படம் வரையக் குடுத்துடலாம்.

இப்படிக்கு,
நிலை மூணுல படிக்கிற ஒருத்தியோட அம்மா
(ஞாயித்துக்கிழமை டீ கவுன்ட்டர்ல நிக்கறதும் நான்தான்)